கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆய்வு நிதியும் பணிக்காலப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்தில் உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். ஆய்வுக் குழுப் பொறுப்பும் சில ஆண்டுகளாக என் தலையில்தான். ஸ்டாஃப் ரூமிலும், விடைத்தாள் திருத்தும் முகாமிலும், ரெஃப்ரெஷர் கோர்ஸ் என்கிற புத்தாக்கப் பயிற்சியின் டீ இடைவேளையிலும் சக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். திட்டங்களின் தேதியும் தொகையும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு வேறு. எனக்கெல்லாம் புராஜெக்ட் கிடைக்குமா?

கிடைக்கும். ஐ.ஐ.டி.க்காரர் தட்டுகிற அதே கதவைத் தட்டினால்தான் சிரமம். நம்மில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஐம்பது, அறுபது லட்சத்துக்கு எழுதுகிறோம். மதிப்பீடு செய்பவர் முதலில் பார்ப்பது யோசனை எவ்வளவு உயர்ந்தது என்பதை அல்ல. இந்த மனிதர், இந்த இடத்தில், இவ்வளவு வகுப்புகளுக்கு நடுவில் இதை முடிப்பாரா என்பதைத்தான். முதல் தொகை சின்னதாக இருக்கட்டும். அதை வாங்கி, வேலையை முடித்து, கணக்கையும் ஒழுங்காக முடித்த ஒருவருக்கு அடுத்த விண்ணப்பத்தில் "முன்பு முடித்த திட்டங்கள்" என்ற கட்டம் காலியாக இருக்காது. அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதாலேயே தள்ளிப்போகிற விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஏதாவது திட்டம் உண்டா?

உண்டு. அதிலும் டேர் என்று எல்லோரும் சொல்கிற டீச்சர்ஸ் அசோசியேட்ஷிப் திட்டம் நம்மை மனத்தில் வைத்தே வகுத்தது. மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி ஆகியவற்றில் நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர், தன் வேலையை விடாமலேயே ஐ.ஐ.டி. அல்லது தேசிய ஆய்வகம் ஒன்றில் பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம். மூன்று ஆண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே இருக்க வேண்டும். ஆய்வுத் தொகை இரண்டு இடத்துக்கும் பிரித்துத் தரப்படும். ஆசிரியருக்குத் தனியாக ஓர் உதவித்தொகையும் உண்டு.

90 நாள் என்றதும் பயந்துவிடாதீர்கள். மே மாத விடுமுறை, டிசம்பர் விடுமுறை, சனிக்கிழமைகள் என்று கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். உண்மையான தடை, அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரைப் பிடிப்பதுதான். முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். "உங்கள் இந்த வினையூக்கியை எங்கள் பகுதியில் கிடைக்கும் இந்த மூலப்பொருளில் முயன்று பார்க்கலாமா?" என்று நான்கே வரியில் எழுதுங்கள். பதில் வரும்.

இதற்கும் முந்தைய படி வேண்டுமென்றால், பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலிருந்து இயங்கும் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைப் பாருங்கள். மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தால் டேருக்கு வழிகாட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

யு.ஜி.சி. மைனர் புராஜெக்ட் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று?

பழைய வடிவத்தில் இப்போது இல்லை. ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிந்ததோடு அதுவும் ஓய்ந்துபோனது. என்னைக் கேட்டால், கல்லூரி ஆசிரியர்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான். தொகை சிறியது, விதிமுறை எளிது, தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கலாம். இன்று மூத்த பேராசிரியர்களாக இருக்கும் பலருக்கு முதல் கம்ப்யூட்டரும் முதல் கருவியும் அதில் வந்தவைதான்.

2022 ஆசிரியர் தினத்தன்று யு.ஜி.சி. சில புதிய திட்டங்களை அறிவித்தது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் ஒன்று, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று. இரண்டிலும் இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம் வரை. ஆனால் இரண்டாவதற்குத் தகுதி என்ன தெரியுமா? ஐந்து பேரை முழுநேர பி.எச்.டி. முடிக்க வைத்திருக்க வேண்டும், வெளி நிதியில் இரண்டு திட்டங்களை முடித்திருக்க வேண்டும், வயதும் ஐம்பதைத் தாண்டக்கூடாது. பசி தீர்ந்தவனுக்குத்தான் பந்தியில் இடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். தாமதித்தால் "புதிதாக" என்ற தகுதி போய்விடும்.

உங்கள் கல்லூரி யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில், அதாவது அங்கீகாரமும் மத்திய நிதி பெறும் தகுதியும் தரும் பிரிவுகளில், இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் அதைத் தேடி பீரோவைக் கவிழ்ப்பது எல்லாக் கல்லூரியிலும் நடக்கும் காட்சி.

எஸ்.இ.ஆர்.பி. போய் ஏ.என்.ஆர்.எஃப். வந்துவிட்டது என்கிறார்கள். நமக்கு என்ன மாறியது?

ஏ.என்.ஆர்.எஃப். என்கிற அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆய்வு நிதி தந்துவந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. அதற்குள் அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில் நிறுவனங்கள் முதலான இடங்களிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. வந்தால் நல்லதுதான்.

இளையவர்கள் கவனிக்க வேண்டியது, தொடக்கநிலை ஆய்வாளர்களுக்குப் பிரதமர் பெயரில் வந்திருக்கும் நிதி. மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை. வயது வரம்பு 42. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. முன்பு இருந்த ஸ்டார்ட்-அப் நிதி இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம்தான். தொகை கூடியது, போட்டியும் கூடியது. பட்டியலின, பழங்குடி ஆய்வாளர்களுக்கெனத் தனித் திட்டமும் இருக்கிறது. அதை நம் பக்கம் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

ஏ.என்.ஆர்.எஃப்.பின் பேர் (PAIR) என்ற திட்டம் பல்கலைக்கழகங்களுக்கானது. தரவரிசையில் முன்னால் இருக்கும் ஒரு நிறுவனம் நடுவில், அதைச் சுற்றி மாநிலப் பல்கலைக்கழகங்கள். தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால் உள்ளே யார் பொறுப்பு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணிதத் துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கருவி வேண்டாம், வேதிப்பொருள் வேண்டாம். மேட்ரிக்ஸ் என்ற திட்டம் உங்களுக்காகவே எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் வந்தது, ஆண்டுக்கு 2 லட்சம், மூன்று ஆண்டு. விண்ணப்பமும் சுருக்கமானது. இதற்கே விண்ணப்பிக்காமல் "நிதியே கிடைப்பதில்லை" என்று சொல்லும் கணிதப் பேராசிரியர் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர்.

நான் தமிழ்த்துறை. இதெல்லாம் அறிவியல்காரர்களுக்குத்தானே?

இல்லை. உங்கள் கதவு வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் கருத்தரங்கு, பயிலரங்கு, குறுகியகால ஆய்வு ஆகியவற்றுக்கு நிதி தந்துவந்திருக்கிறது. பண்டைய தமிழ் சார்ந்து எழுதுங்கள். சமகாலப் புனைவை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பயனில்லை.

வரலாறு, பொருளியல், சமூகவியல், வணிகவியல் என்றால் 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., இருக்கிறது. ஆய்வுத் திட்டங்களோடு, ஆசிரியர்களுக்கான ஆய்வு முறையியல் பயிற்சிகளுக்கும் அது பணம் தருகிறது. உங்கள் கல்லூரியே அப்படி ஒரு பயிற்சியை நடத்த விண்ணப்பிக்கலாம். சென்னை அடையாறில் இருக்கும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். அதன் ஆதரவில் இயங்கும் நிறுவனம். நூலகத்துக்காகவேனும் ஒருமுறை போய்வாருங்கள். வரலாற்றுக்காரர்களுக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எச்.ஆர்.), தத்துவத்துக்கு இந்திய தத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.பி.ஆர்.).

அதிகம் பேர் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை மின்னுருவாக்க நிதி கொடுக்கிறது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதில் வேலை செய்திருக்கின்றன. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகாது, பிரதிதான் போகும். ஊர்ப் பெரியவர் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடியும், பழைய செட்டியார் வீட்டில் கணக்கேடும் பார்த்திருக்கிறேன் என்று சொல்கிற தமிழாசிரியர்கள் எத்தனை பேர்! அந்தப் பரண்தான் உங்கள் ஆய்வகம்.

மாநில அரசு எதுவும் தருவதில்லையா?

தருகிறது. 1984 முதல் இருக்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஆய்வுத் திட்டம், இளம் விஞ்ஞானி உதவித்தொகை, மாணவர் திட்டம் என்று வைத்திருக்கிறது. மாணவர் திட்டத்தின் தொகை சில ஆயிரம்தான். இருந்தாலும் முதுகலை மாணவர் ஒருவரோடு சேர்ந்து அதை எழுதுவது உங்களுக்கே நல்ல பழக்கம். முதலமைச்சர் பெயரிலான ஆராய்ச்சி நிதித் திட்டமும் மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கானதுதான். டெல்லியிலிருந்து வரும் போட்டியை நினைத்தால் இங்கே வரிசை சின்னது.

சரி, எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கும்?

ஒரு உதாரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்த நோக்கம் இப்படி இருந்தது: "தாமிரபரணி ஆற்றின் நீர்த்தரத்தை ஆராய்தல்." இதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு நெடுகவா? எந்த மாதம்? எதை அளப்பார்? ஏற்கெனவே பலர் அளந்திருக்கிறார்களே, இவர் ஏன்?

இரண்டு மணி நேரம் பேசிய பிறகு அது இப்படி ஆனது: "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே மூன்று, கீழே மூன்று இடங்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நைட்ரேட், பாஸ்பேட் அளவுகள் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றத்தில் வயல்களிலிருந்து வடியும் நீரின் பங்கு எவ்வளவு?" இப்போது எத்தனை மாதிரி, எத்தனை பயணம், எவ்வளவு வேதிப்பொருள் என்று எல்லாம் தானாகவே வந்துவிடுகிறது. பட்ஜெட் இந்த வரியிலிருந்துதான் பிறக்க வேண்டும். தலைகீழாக, முதலில் ஒரு கருவியை நினைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற நோக்கத்தைத் தேடினால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒரு பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

முன்னாய்வுப் பகுதியில் கடைசி மூன்று, நான்கு ஆண்டுக் கட்டுரைகள் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் பி.எச்.டி. ஆய்வேட்டிலிருந்த பழைய மேற்கோள்களை அப்படியே ஒட்டினால் தேதிகளே காட்டிக்கொடுக்கும். நான்கு நோக்கத்துக்கு மேல் வேண்டாம். துறைக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு முதல் பக்கம் புரியவில்லை என்றால் திருப்பி எழுதுங்கள்.

பட்ஜெட்டில் எங்கே தவறு நடக்கிறது?

வரியில். ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு முன்பு 5 சதவீதச் சலுகை ஜி.எஸ்.டி. இருந்தது. 2022 ஜூலையில் அது எடுக்கப்பட்டுவிட்டது. 18 சதவீத வரி விழும் கருவி என்றால், 4 லட்சம் என்று விலைப்புள்ளியில் இருப்பது 4,72,000 ஆகும். அந்த 72 ஆயிரத்தை யாரும் பின்னால் தரமாட்டார்கள். பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

அடுத்து ஆள். திட்டத்தில் வேலை செய்யும் இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. நெட் அல்லது கேட் தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும். அப்படித் தேறியவர் சின்ன ஊர்க் கல்லூரிக்கு வருவாரா என்பது பெரிய கேள்வி. உங்களிடமே படித்த, ஊரிலேயே இருக்கிற ஒருவரை முன்கூட்டியே தயார்ப்படுத்துவதுதான் நடைமுறை.

பயணத்துக்கு மிகக் குறைத்துப் போடாதீர்கள். ஓவர்ஹெட் என்று சேர்க்கும் நிறுவனச் செலவுத் தொகை கல்லூரிக்கு. அது உங்கள் பணமல்ல; ஆனால் அதிலிருந்து மின்சாரம், இணையம், ஒரு பூட்டிய அறை ஆகியவற்றையாவது கேட்டு வாங்குங்கள்.

கருவி இல்லாமல் எப்படி ஆய்வு செய்வது?

கருவி வாங்கத்தான் நிதி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் சைஃப் என்ற பொதுக் கருவி மையம் இருக்கிறது. கட்டணம் கட்டி மாதிரியை அனுப்பினால் என்.எம்.ஆர். போன்ற நிறமாலைகள் எடுத்துத் தருவார்கள். ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளத்தில் நாடு முழுவதும் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி, அங்கிருந்தே நேரம் பதியலாம். கல்பாக்கத்தில் யு.ஜி.சி.–டி.ஏ.இ. கூட்டமைப்பின் மையம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்கள் அணுசக்தித் துறையின் வசதிகளைப் பயன்படுத்த ஏற்பட்ட அமைப்பு அது.

மாதிரி அனுப்பும்போது குப்பியின் மூடியைப் பாரஃபிலிமால் சுற்றி, பெயரைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை கரைப்பான் பட்டால் அழிந்துவிடும். ஒருமுறை என் மாணவி அனுப்பிய எட்டுக் குப்பிகள் எட்டும் பெயரில்லாமல் போய்ச் சேர்ந்தன. வந்த நிறமாலைகள் அழகாக இருந்தன. எது எதனுடையது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

குறிப்புரை வந்திருந்தால் அதைப் படியுங்கள். கோபம் தணிய ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். "புதுமை போதாது" என்றால் யோசனையில் குறை. "செயல்முறை தெளிவாக இல்லை" என்றால் எழுத்தில் குறை, அது திருத்தக்கூடியது. அதே விண்ணப்பத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் அடுத்த ஆண்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதே மதிப்பீட்டாளரிடம் மறுபடி போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

பதவி உயர்வுக்குப் பயிற்சி எத்தனை வேண்டும்?

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி முதல் படியை மட்டும் சொல்கிறேன், அங்கேதான் குழப்பம் அதிகம். உதவிப் பேராசிரியர் 10ஆம் ஊதிய நிலையிலிருந்து 11க்குப் போக, பி.எச்.டி. இருந்தால் நான்கு ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் ஐந்து, முதுகலை மட்டும் என்றால் ஆறு. இதோடு 21 நாள் ஓரியண்டேஷன் (அறிமுகப் பயிற்சி) ஒன்று, ரெஃப்ரெஷர் அல்லது அதற்கு இணையான ஒன்று. அந்த "இணையான" என்ற இடத்தில் ஒரு வார எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), சான்றிதழோடு கூடிய மூக் என்கிற இணையவழித் திறந்த பாடம் எல்லாம் வரும்.

தவறு நடப்பது எண்ணிக்கையில் அல்ல, தேதியில். ஒரு நிலைக்கான காலத்துக்குள் முடித்த பயிற்சிதான் அந்த நிலைக்குச் செல்லும். நான்காவது ஆண்டு முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போன ரெஃப்ரெஷரால் பதவி உயர்வுத் தேதியே தள்ளிப்போன நண்பர்கள் எனக்கு உண்டு. பணியில் சேர்ந்த தேதியை ஒரு தாளில் எழுதி, கெடு தேதியை அதற்குக் கீழே எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

ரெஃப்ரெஷர் எங்கே நடக்கிறது? ஆன்லைனில் செய்தால் போதுமா?

முன்பு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ், அப்புறம் எச்.ஆர்.டி.சி., 2023 செப்டம்பர் முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையம். பெயர்ப்பலகைதான் மாறியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களில் மையங்கள் இருக்கின்றன. புதிய கல்விக் கொள்கை குறித்த குறும்பயிற்சிகளும் அங்கே இணையவழியில் ஓடுகின்றன.

ஆன்லைன் செல்லும். செல்லுமா என்பதைவிட ஏதாவது ஏறுமா என்று கேளுங்கள். கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி ரெஃப்ரெஷர் முடித்ததாக ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். சான்றிதழ் வந்துவிட்டது. நேரில் போனால் கிடைப்பது வேறு: மதுரையில் பதினைந்து நாள் ஒரே மேசையில் சாப்பிட்ட ஒருவரோடுதான் நான் பின்னாளில் இரண்டு கட்டுரை எழுதினேன். வீட்டில் கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ இருப்பவர்களுக்கு ஆன்லைன் வரப்பிரசாதம். அதை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் ஒருமுறையாவது நேரில் போங்கள்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி எஃப்.டி.பி.க்கள் கட்டணமின்றி நடக்கின்றன. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல் பாடங்களைப் பார்ப்பது இலவசம், தேர்வுக்கு 1,000 ரூபாய். ஏ.ஐ.சி.டி.இ. கணக்கில் எட்டு வாரப் பாடம் ஒரு எஃப்.டி.பி.க்கு இணை. நேரில் போய் எழுதுகிற தேர்வு என்பதால் இந்தச் சான்றிதழுக்கு என்னிடம் தனி மரியாதை. நம் மாணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேர்வு எழுதும் வெட்கம் இருக்கிறதே, அது நல்ல வெட்கம்.

புராஜெக்ட் இருந்தால் பதவி உயர்வில் மதிப்பெண் உண்டா?

உண்டு. 2018 விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்தை முடித்திருந்தால் 10, அதற்குக் குறைவானதற்கு 5. நடந்துகொண்டிருப்பது என்றால் முறையே 5, 2. இருவர் சேர்ந்து செய்தால் ஆளுக்குப் பாதி. பேராசிரியர் நிலைக்குத் தேவையான 110இல் இது சிறு பங்குதான். மதிப்பெண்ணுக்காக மட்டும் புராஜெக்ட் எழுதாதீர்கள். அந்த உழைப்பில் இரண்டு கட்டுரை எழுதிவிடலாம். அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 8, மொழி, சமூக அறிவியலில் 10.

ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும் ஆய்விதழில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வருகிறது...

அழித்துவிடுங்கள். "முதல் ஆசிரியர் இடம் இவ்வளவு, மூன்றாவது இடம் இவ்வளவு" என்று விலைப்பட்டியலே அனுப்புகிறார்கள். கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் உங்கள் பெயர்தான் நிற்கும், அந்த எண் அணைந்துபோயிருக்கும். தரமான ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. 2019இல் கொண்டுவந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி இதழ் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது கல்லூரியின், உங்களுடைய பொறுப்பு. ஆசிரியர் குழுவில் இருப்பவர் ஒருவருக்கு எழுதி, "நீங்கள் இதில் இருப்பது உண்மையா?" என்று கேட்டாலே பாதி இதழ்கள் உதிர்ந்துவிடும். நிதி வாங்கித் தருகிறேன், சதவீதம் கொடு என்று வருபவருக்கும் இதே பதில்தான்.

சுயநிதிப் பிரிவில் இருக்கிறேன். என் மனைவி அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். எங்களுக்கு வழி உண்டா?

பெரும்பாலான மத்தியத் திட்டங்கள் முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்கின்றன. பதினைந்து ஆண்டு பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளருக்கு ஆய்வு செய்யத் தகுதியில்லை என்பது எந்த நியாயத்திலும் சேராது. விதி அப்படி இருக்கிறது. சுயநிதிப் பிரிவில் நிர்வாகம் உங்களை நிரந்தரமாக நியமித்து ஆணை கொடுத்திருந்தால் அந்த ஆணையோடு விண்ணப்பிக்கலாம். உங்கள் மனைவி அறிவியல் துறை, பி.எச்.டி. முடித்தவர் என்றால், பெண் ஆய்வாளர்களுக்கான வைஸ் முதுமுனைவர் உதவித்தொகையைப் பார்க்கச் சொல்லுங்கள். 27 முதல் 60 வயது வரை. இடையில் வேலையை விட்டவர்களை மனத்தில் வைத்து வந்தது. ஆனால் அது முழுநேரம். கையில் இருக்கும் வேலையை விடலாமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வெளிநாடு போக?

ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஜெர்மனிக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் குறுகியகால ஆய்வுத் தங்கல், ஒன்று முதல் மூன்று மாதம், வகுப்பை அதிகம் விடாமல் போய்வர ஏற்றது. அழைப்புக் கடிதத்தைவிடக் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் தடையில்லாச் சான்றுதான் தாமதமாக வரும். அரசுக் கல்லூரிக்காரர்கள் அதை முதலில் தொடங்குங்கள்.

பயிற்சிக்குப் போக எங்கள் கல்லூரி முதல்வர் ஓ.டி. (ஆன் டூட்டி அனுமதி) தர மறுக்கிறார்.

உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார் என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளோடு போங்கள். பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதிக்கு மருந்து என்னிடம் இல்லை.

நிதி வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிக் கணக்கைக் கவனிக்கும் பர்சாரைப் போய்ப் பாருங்கள். நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். என் முதல் திட்டத்தில் பட்ட அடி இது. முதலாண்டுத் தொகை சேமிப்புக் கணக்கில் இருந்தது. செலவுக் கணக்கு, பயன்பாட்டுச் சான்று எல்லாம் தணிக்கையாளர் கையெழுத்தோடு அனுப்பினேன். வங்கி சேர்த்திருந்த வட்டி, ஆயிரத்துச் சொச்சம், அதைக் காட்டவில்லை. வட்டி அரசுக்குச் சேர வேண்டியது என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. சான்று திரும்பி வந்தது, திருத்தினோம், தணிக்கையாளர் ஊரில் இல்லை, மார்ச் முடிந்தது. இரண்டாம் தவணை வர எட்டு மாதம். அதற்குள் உதவியாளராக இருந்த பையன் ஒரு கோச்சிங் சென்டரில் வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

அதனால் செலவு செய்த அன்றே பில்லை ஸ்கேன் செய்யுங்கள். எந்தத் தலைப்பில் ஒதுக்கியதோ அந்தத் தலைப்பிலேயே செலவு செய்யுங்கள். பயணப் பணத்தில் வேதிப்பொருள் வாங்க வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி வேண்டும். பயன்பாட்டுச் சான்றுக்கு என்று ஒரு படிவம் உண்டு, 12-ஏ. அதை ஆண்டு முடிவில் பார்க்காமல் முதல் நாளே அச்செடுத்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று படித்துவிடுங்கள். மார்ச் 31க்கும் ஏப்ரல் 15க்கும் நடுவில் தணிக்கையாளர் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார். ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள்.

திட்டம் முடிந்ததும் கருவி யாருக்கு?

நிதி கொடுத்த துறையின் சொத்து. பெரும்பாலும் கல்லூரியிலேயே விட்டுவிடுவார்கள், அதற்கு ஒரு கடிதம் போட வேண்டும். வந்த அன்றே துறையின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் திட்ட எண்ணோடு பதிந்து, கருவியின் மேலும் அந்த எண்ணைப் பெயின்டால் எழுதுங்கள். என் முதல் திட்டத்தில் வாங்கிய ரோட்டரி எவாபரேட்டர், கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி, இன்றும் ஓடுகிறது. கண்ணாடிக் குடுவை இரண்டு முறை உடைந்து மாற்றியாயிற்று, வாட்டர் பாத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் எழுதிய திட்ட எண் பாதி அழிந்துவிட்டது. முதுகலை முதலாண்டு மாணவர்கள் அதை ஏதோ பழைய போன் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.